கீழே இருந்து ஆடுகிறவன்

ஊரடங்கு வருஷத்தில் பெங்களூர் வேலையைத் தஞ்சாவூர் வீட்டு மாடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரி பத்து மணிக்கு ஆபீஸ் லேப்டாப்பை மூடினால் அடுத்தது சைலன்ட் ஹன்டர் 3. 2005இல் வந்த பழைய கேம். நான் ஜெர்மன் நீர்மூழ்கியின் கேப்டன். சரக்குக் கப்பல்களை மூழ்கடிப்பது அதில் பாதி வேலைதான். அதற்குப் பிறகு துரத்திவரும் காவல் கப்பல்களிடமிருந்து தப்புவதில்தான் ருசி.

தப்பிக்க சில வித்தைகள் உண்டு. டார்பிடோவை விட்டதும் ஆழத்துக்கு இறங்க வேண்டும். எஞ்சின் சத்தத்தைக் குறைக்க வேண்டும். அவர்களுக்கு வாலைக் காட்டிக்கொண்டு நின்றால் சோனார் ஒலி பட்டுத் திரும்பும் பரப்பு சிறிதாகும். மேலேயிருந்து ஆழ்நீர்க் குண்டுகள் விழுந்து வெடிக்கும்போது தண்ணீர் முழுக்க இரைச்சல், அவர்களுக்கே காது கேட்காது. அந்த நேரத்தில் மட்டும் வேகமெடுத்துத் திசை மாறிவிட்டு மறுபடி அடங்கிவிட வேண்டும். எங்கள் பக்கம் குளம் வற்றும்போது சேற்றில் கைவிட்டு விரால் பிடித்தவர்களுக்கு இது புரியும். அசைகிற மீன்தான் மாட்டும். கடைசியாக ஒரு சௌகரியம்: நேரத்தை வேகமாக ஓட்டும் பொத்தான். நான்கு மணி நேரத் துரத்தல், ஒரு டீ குடிப்பதற்குள் முடிந்துவிடும்.

ஒருநாள் சித்தப்பா பின்னால் வந்து நின்றார். கடற்படையில் சோனார் பார்த்து ஓய்வு பெற்றவர், 1971க்குப் பிறகு சேர்ந்தவர்.

"நீ எந்தப் பக்கம்டா?"

"கீழ இருக்கறது நான்தான் சித்தப்பா."

"அப்ப மேல இருக்கறது யாரு? குக்ரி தெரியுமா உனக்கு?"

பேர் மட்டும் தெரியும் என்றேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை. அடுத்த சில வாரங்கள் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

1971 டிசம்பர். குஜராத் கரையை ஒட்டி, டையூ பக்கத்தில் ஒரு பாகிஸ்தான் நீர்மூழ்கி இருப்பது அதன் வானொலிச் சமிக்ஞைகளிலிருந்து தெரிந்துவிட்டது. அது பிரெஞ்சுத் தயாரிப்பான ஹாங்கோர். அதைத் தேடிப் போனவை ஐஎன்எஸ் குக்ரி, ஐஎன்எஸ் கிர்பான் என்ற இரண்டு பிரிகேட்கள். நீர்மூழ்கிகளை வேட்டையாடவே கட்டப்பட்டவை. ஆனால் வேட்டையாடப் போனவர்களின் காதைவிட ஒளிந்திருந்தவனின் காது கூர்மையாக இருந்தது. ஹாங்கோரின் சோனார் நம்முடையதைவிட மிகத் தொலைவில் கேட்கக்கூடியது. போதாததற்கு வெப்பமண்டலக் கடல் வேறு. குளத்தில் இறங்கிக் குளித்தவர்களுக்குத் தெரியும், மேல் தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும், காலடியில் சில்லிடும். கடலிலும் அப்படித்தான். சூடும் குளிரும் சந்திக்கும் இடத்தில் ஒலி வளைந்துவிடும். அதற்குக் கீழே இருப்பவனை மேலே இருப்பவன் கேட்பது கஷ்டம்.

குக்ரி அன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது, சுமார் 12 நாட் வேகத்தில். சோனாரின் எட்டும் தூரத்தைக் கூட்ட ஒரு இளம் அதிகாரி உருவாக்கிய இணைப்பை அதில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சொந்தக் கப்பலின் இரைச்சல் குறைந்தால்தான் தூரத்துச் சத்தம் கேட்கும், அதற்கு வேகத்தைக் குறைத்தாக வேண்டும். வேகத்தைக் குறைத்தாலோ சுலபமான இலக்கு. 'போரின் நடுவே புரொடக்‌ஷனில் டெஸ்ட் பண்ணியிருக்கிறார்களே' என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பிறகு கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கேட்காத காதோடு வேகமாக ஓடுவதா, கேட்பதற்காக மெதுவாகப் போவதா? இரண்டில் எதையாவது ஒருவர் அங்கே தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும்.

டிசம்பர் 9 இரவு ஹாங்கோர் கிர்பானை நோக்கி விட்ட முதல் டார்பிடோ வெடிக்கவில்லை. இரண்டாவது குக்ரியைத் தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் போய்விட்டது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் இறந்தார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலைவிட்டு இறங்கவில்லை. பிழைத்தவர்கள் 67 பேர். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு நீர்மூழ்கி ஒன்று போர்க்கப்பலை மூழ்கடித்தது அதுதான் முதல் தடவை. அடுத்தது 1982இல், பாக்லாந்து போரில்.

அதற்குப் பிறகுதான் என்னுடைய கேம் ஆரம்பிக்கிற இடம். கப்பல்களும் விமானங்களும் ஹெலிகாப்டர்களுமாக நான்கு நாட்கள் தேடினார்கள். டீசல் நீர்மூழ்கிக்கு பேட்டரி தீரும், அதை ஏற்றக் காற்றுக் குழாயைத் தண்ணீருக்கு மேலே நீட்ட வேண்டும், அங்கேதான் மாட்டும். ஹாங்கோர் மாட்டவில்லை. குண்டுச் சத்தங்களுக்கு நடுவே அடங்கி, நகர்ந்து, கராச்சி போய்ச் சேர்ந்தது. நான் மாடியில் செய்யும் அதே வேலை. அதன் கேப்டன் அகமது தஸ்னீமின் திறமையை மறுக்க முடியாது. அதைப் பாராட்டிக்கொண்டே படிக்கும்போது, தேடுகிற கப்பல்களில் இருப்பவர்கள் நம் ஆட்கள் என்பது நடுநடுவே வந்து இடறியது.

எல்லா நீர்மூழ்கிகளும் தப்பவும் இல்லை. விக்ராந்தைத் தேடி வங்காள விரிகுடாவுக்கு வந்த காசி, டிசம்பர் 3-4 இரவில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே வெடித்து மூழ்கியது. காரணத்தை இரண்டு நாடுகளும் இன்றுவரை வேறு வேறாகச் சொல்கின்றன. உள்ளே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை.

மறுபடி ஒருநாள் ஆடும்போது சித்தப்பா வந்தார். நான் ஒரு கப்பலை அப்போதுதான் மூழ்கடித்திருந்தேன்.

"தண்ணியில விழுந்தவங்க எங்கடா?"

திரையைப் பார்த்தேன். புகை இருந்தது, அலை இருந்தது. தலைகள் இல்லை. இந்த கேமில் அவர்களைப் போடவே இல்லை.

"கிர்பான் நின்னு தூக்கியிருந்தா அடுத்த டார்பிடோ அதுக்குத்தான். நிக்கலைன்னா..." என்றார். மூன்றாவது டார்பிடோ உண்மையிலேயே கிர்பானை நோக்கித்தான் வந்தது. அது திரும்பி விலகியது. குக்ரியில் பிழைத்தவர்களை மறுநாள்தான் கடலிலிருந்து எடுத்தார்கள்.

அன்றைக்கு நேரத்தை ஓட்டும் பொத்தானைத் தொடவில்லை. தலைக்கு மேலே ப்ரொப்பல்லர் சத்தம் வந்து வந்து போனது. காவல் கப்பல் விலகும்போது மணி இரண்டரை. சித்தப்பா எப்போதோ தூங்கப் போயிருந்தார்.