எந்தப் பக்கம் நின்று பார்ப்பது?



போன தவணை எமது பிள்ளைகள் கணினி அறையில் லெகோ கட்டைகளால் ஒரு தேயிலை ஸ்டோர் கட்டினார்கள். கட்டியது திரையில்தான். பிறகு படிப்படியான படங்களை அச்செடுத்து, ஒரு பெட்டிப் பழைய கட்டைகளோடு கீழ் வகுப்பாரிடம் கொடுத்தோம். அவர்கள் கட்டிய ஸ்டோரில் அடுப்பு மறு கோடியில் நின்றது! பிழை அவர்களுடையதல்ல. "ஒவ்வொரு படத்தையும் வடிவாகத் தெரியும் பக்கம் திருப்புங்கள்" என்று சொன்னது நாங்கள். ஸ்டோரின் இரு கோடியும் பார்க்க ஒரே மாதிரி. நடுவில் ஒரு படம் 180 பாகை திரும்பியதை யாரும் கவனிக்கவில்லை.

அதன் பிறகுதான் இதன் சரித்திரத்தைத் தேடிப் படித்தோம்.

1206இல் தியார்பக்கிரில் அல் ஜஸரி தனது இயந்திர நூலை முடித்தார். நீர்க்கடிகாரம் முதல் தண்ணீர் இறைக்கும் பொறி வரை 50 கருவிகள். பாகங்களுக்கு அரபு எழுத்துகளை அடையாளமிட்டு, செய்முறையையும் விளக்கினார். அவருடைய படங்களில் ஒரு பாகம் முன்னாலிருந்தும் இன்னொன்று மேலிருந்தும் ஒரே தாளில் தெரியும். இன்றைய கண்ணுக்கு விநோதம்தான். ஆனால் அவருக்குப் பக்கத்திலேயே எழுத்து துணை நின்றது. எமது தாள்களில் ஒரு சொல்கூட இல்லை.

எமக்கு மிகவும் பிடித்த ஆள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபரிஷ். இயந்திரங்களைப் பற்றிப் பாடம் நடத்த, சக்கரம், தண்டு, சட்டம் என்று கழற்றிப் பூட்டும் பாகங்களை வைத்திருந்தார். ஒரு நாள் ஒரு மாதிரி. பாடம் முடிந்ததும் கழற்றி, அதே பாகங்களால் இன்னொன்று. லெகோவேதான்! பூட்டுவது உதவியாளர்கள். அவர்களுக்குப் படம் வேண்டுமே. அதற்காக அவர் முறைப்படுத்தி 1822இல் வெளியிட்டதுதான் ஐசோமெட்ரிக் வரைதல். நீளம், அகலம், உயரம் மூன்றும் தாளில் 120 பாகை இடைவெளியில் நிற்கும். மூன்றையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம். தூரத்தில் உள்ளது சிறுத்துப் போகாது. நாம் வகுப்பில் 30 பாகை மூலைமட்டம் வைத்துக் கீறுகிறோமே, அதன் கதை இதுதான்.

லெகோ கட்டைகளைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்களில் முந்தியவர் ஆஸ்திரேலிய இளைஞர் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன். 1995இல் எல்டிரோ என்ற இலவச மென்பொருளை எழுதினார். கட்டைக்கு ஒரு வரி: நிறம், இடம், எப்பக்கம் திரும்பி இருக்கிறது என்பவை இலக்கங்களாக. 'ஸ்டெப்' என்று ஒரு வரி போட்டால் அந்தப் படி முடிந்தது. 1997இல் 26 வயதிலேயே காலமானார். மற்றவர்கள் அவர் வேலையைத் தொடர்ந்தார்கள். மைக்கேல் லாக்மனின் எம்எல்கேட் மென்பொருள் 'ரொட்ஸ்டெப்' என்ற வரியைச் சேர்த்தது. அந்தப் படியில் மாதிரியை எத்தனை பாகை திருப்பிக் காட்டுவது என்பதை அது சொல்லும். திருப்பத்தை வழக்கமான பார்வையிலிருந்து எண்ணலாம். முந்திய படியிலிருந்தும் எண்ணலாம். இரண்டாவதில் கவனம் தேவை. நடுவில் ஒன்றை மாற்றினால் பின்னால் வருவதெல்லாம் சேர்ந்து திரும்பும். பழைய பார்வைக்குத் திரும்ப 'எண்ட்' வரியும் உண்டு. எமது பிள்ளைகள் மறந்தது அதைத்தான்.

இந்தத் தவணை மீண்டும் செய்தோம். படங்கள் எல்லாம் ஒரே கோணம். அடுப்பைப் பூட்டும் இடத்தில் மட்டும் ஒரு திருப்பம், அதற்கு முன்னும் பின்னும் பெரிய வளைந்த அம்புக்குறி. கொழுந்து உருட்டும் மேசை சுவருக்குப் பின்னால் மறைந்ததும், அதற்கும் திருப்ப வேண்டும் என்று நாங்கள் சொன்னோம். தரம் 8 பிள்ளை ஒன்று கேட்டது: "ஏன் சேர் திருப்பணும்? மேசைய முதல்ல வச்சிட்டு, செவுர பொறகு கட்டுனா என்ன?"

படி 11ஐயும் 12ஐயும் இடம் மாற்றினோம். கீழ் வகுப்பார் 40 நிமிடப் பாடவேளைக்குள் கட்டி முடித்தார்கள். அடுப்பு சரியான கோடியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரை நூலக மேசையில் வைத்திருக்கிறோம், வந்து பாருங்கள்.