பூஞ்சைக் கருவிழிப் புண்

பூஞ்சைக் கருவிழிப் புண் என்பது கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும் கார்னியா படலத்தைப் பூஞ்சைகள் தாக்குவதால் உண்டாகும் நோய். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் வயல்வேலை செய்வோரை இது அதிகம் பாதிக்கிறது. ஜெர்மானியக் கண் மருத்துவர் தியோடர் லெபர் 1879இல் இந்நோயை முதன்முதலில் விவரித்தார்.

காரணங்கள்
ஃபியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் முதலிய பூஞ்சைகள் மண்ணிலும் மட்கும் செடிகொடிகளிலும் வாழ்கின்றன. நலமான கார்னியாவுக்குள் இவை எளிதில் நுழைவதில்லை. கதிரடிக்கையில் தெறிக்கும் நெல்லோ, கரும்புத் தோகையின் கீறலோ வழி திறந்துவிடுகிறது. தூய்மையற்ற கான்டாக்ட் லென்ஸாலும் தொற்று வரலாம். நலிந்த கண்களைக் கேண்டிடா என்ற பூஞ்சையும் தாக்கும்.

அறிகுறிகள்
வலி, சிவப்பு, நீர்வடிதல், ஒளிக்கூச்சம், பார்வை மங்கல் ஆகியன தோன்றும். புண் சாம்பல் வெண்மையாய், இறகுபோல் பிரிந்த விளிம்போடு இருக்கும். அதைச் சுற்றிச் சிறு புள்ளிகளும், கார்னியாவுக்குப் பின்னால் சீழும் காணப்படலாம். இருப்பினும் தோற்றத்தை மட்டும் வைத்துப் பாக்டீரியாப் புண்ணிலிருந்து இதை உறுதியாகப் பிரித்தறிய முடியாது.

கண்டறிதல்
புண்ணைச் சுரண்டி எடுத்த மாதிரியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழைகள் சில நிமிடங்களில் தெரியும். வளர்ப்புச் சோதனை பூஞ்சையின் வகையைக் காட்டும். அதற்குப் பல நாள் ஆகலாம்.

சிகிச்சை
ஃபியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற இழைப் பூஞ்சைகளுக்கு 5 விழுக்காடு நாட்டாமைசின் சொட்டு மருந்தே முதல் தேர்வு. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எனத் தொடங்கி, வாரக்கணக்கில் விடவேண்டும். தென்னிந்தியாவில் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், இம்மருந்து வோரிகோனசோல் சொட்டு மருந்தைவிட நல்ல பலன் தந்தது; ஃபியூசேரியம் தொற்றில் வேறுபாடு தெளிவாக இருந்தது. மருந்துக்குப் புண் ஆறாவிட்டாலோ கார்னியாவில் ஓட்டை விழுந்தாலோ கார்னியா மாற்று அறுவை தேவைப்படும். அதற்குத் தானமாகக் கிடைக்கும் கண்களே ஆதாரம்.

தடுப்பு
கதிரடிக்கும்போது காப்புக் கண்ணாடி அணிவது நல்லது. கண்ணில் தூசு விழுந்தால் தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதையும் விடலாகாது. மருத்துவர் சொல்லாமல் ஸ்டீராய்டு சொட்டு மருந்து போடுவது மிக ஆபத்தானது. சிவப்பையும் வலியையும் அது சற்றே தணிக்கும். அந்த ஆறுதலுக்கு அடியில் பூஞ்சை ஆழமாக வேரோடும். கீறல் பட்ட அன்றே கண் மருத்துவரிடம் காட்டுவதே பார்வையைக் காக்கும் வழி.