தோற்ற கருவி, தோற்காத கருத்து

கைப்பேசியில் கார்ப் பந்தயம் ஆடியிருக்கிறீர்களா? கைப்பேசியை இடப்பக்கம் சாய்த்தால் திரையிலுள்ள காரும் இடப்பக்கம் திரும்புகிறது. பொத்தான் எதையும் அழுத்த வேண்டியதில்லை. 2007-இல் ஐபோன் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, பெங்களூரில் உருவான ஒரு கையடக்கக் கணிப்பொறி இதைச் செய்து காட்டியது. அதன் பெயர் சிம்ப்யூட்டர். விற்பனையில் அது தோற்றது. ஆயினும் அதை இன்றும் ஏக்கத்தோடு நினைவுகூர்வோர் உண்டு. நல்ல கருவி ஏன் தோற்கிறது? மோட்டாரும் பம்பும் செய்து பெயர் பெற்ற கோவை மாவட்டத்தாருக்கு இது தேவையான கேள்வியே.

பிறந்த கதை

1998-இல் பெங்களூரில் நடந்த ஒரு கருத்தரங்கில், ஏழை மக்களும் பயன்படுத்தத்தக்க கணிப்பொறி வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் நிறுவனப் பொறியாளர்களும் இணைந்து அதை வடிவமைத்தனர். 2001 ஏப்ரலில் அதன் மாதிரி வெளியிடப்பட்டது. விசைப்பலகை கிடையாது, சிறு கோலால் திரையைத் தொட்டு இயக்க வேண்டும். லினக்ஸ் அதன் இயக்க முறைமை. இந்திய மொழிகளில் எழுத்தைப் படித்துக் காட்டும் வசதியும் திட்டத்தில் இருந்தது. தமிழும் அவற்றுள் ஒன்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனி அட்டை இருந்தால் போதும். ஒரே கருவியை ஓர் ஊரே பகிர்ந்துகொள்ளலாம் என எண்ணினர்.

2004 மார்ச்சில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத் தயாரிப்பாக 'அமிடா சிம்ப்யூட்டர்' விற்பனைக்கு வந்தது. இதில்தான் சாய்வை அறியும் உணரி இருந்தது. கருவியை அசைத்தே பக்கத்தைப் புரட்டலாம். சாய்த்து, திரையில் கோலிக்குண்டை உருட்டி விளையாடலாம்.

சாய்வை எப்படி அறிகிறது?

கொத்தனாரின் தூக்குக்குண்டை நினைத்துக்கொள்ளுங்கள். சுவர் சாய்ந்தால் நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி மாறுகிறதல்லவா? இன்றைய கைப்பேசி உணரியிலும் இதே தத்துவம்தான். மயிரிழையினும் நுண்ணிய சிலிக்கன் விற்களில் ஒரு சிறு பளு தொங்குகிறது. கருவியைச் சாய்த்தால் புவியீர்ப்பு அப்பளுவைச் சற்றே நகர்த்துகிறது. அருகிலுள்ள தகடுகளுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாற, மின்தேக்குதிறனும் மாறுகிறது. அம்மாற்றத்தை அளந்து கணிப்பொறி சாய்வைக் கண்டுகொள்கிறது.

ஏன் தோற்றது?

ஆண்டுக்கு 50,000 கருவிகள் விற்கும் என எதிர்பார்த்தனர். விற்றவையோ சுமார் 4,000. கறுப்பு வெள்ளைத் திரையுள்ள கருவியே ஏறக்குறைய 10,000 ரூபாய். வண்ணத் திரை வேண்டுமானால் அதைப்போல் இரு மடங்கு. அதே காலத்தில் கைப்பேசியின் விலை இறங்கிக்கொண்டிருந்தது. பேச உதவிய கருவியை மக்கள் முதலில் வாங்கினர். சிம்ப்யூட்டருக்கென மென்பொருள் எழுதுவோரும், ஊருக்கு ஊர் விற்போரும், பழுது பார்ப்போரும் போதிய அளவு உருவாகவில்லை.

செல்வ நாடுகளிலும் இப்படி நடந்ததுண்டு. ஜப்பானின் சேகா நிறுவனம் 1998-இல் 'டிரீம்காஸ்ட்' என்னும் வீடியோ விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. தொலைபேசிவழி பிறருடன் ஆடுவதற்கு மோடம் அதிலேயே பொருத்தப்பட்டிருந்தது. ஆனால் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்னும் பெரிய நிறுவனம் அதற்கு விளையாட்டுகள் எழுத மறுத்துவிட்டது. 2000-இல் போட்டிக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, டிவிடி படங்களையும் காட்டியது. 2001-இல் சேகா தன் பெட்டியின் உற்பத்தியை நிறுத்தியது. அதன் அன்பர்களோ இன்றும் அதற்குப் புதிய விளையாட்டுகளை எழுதி வருகின்றனர்!

கோவை சொல்லும் பாடம்

இனி வெற்றி பெற்ற ஓர் இயந்திரத்தைப் பாருங்கள். 1937-இல் கோவையில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் எனப் போற்றப்படுகிறது. அது தனியே நிற்கவில்லை. பைக்காராவின் நீர்மின்சாரம் 1930-களில் வந்து சேர்ந்திருந்தது. மாடுகளைப் பூட்டிக் கவலை இறைத்த ஆழக் கிணறுகள் கொங்கு நாடெங்கும் இருந்தன. வார்ப்படம் செய்யும் பவுண்டரிகள் பெருகின. மோட்டார் எரிந்துபோனால் காயில் கட்டித் தரும் கடை அருகிலேயே தோன்றியது. இந்தச் சுற்றம்தான் மோட்டாரை வாழவைத்தது.

டிரீம்காஸ்ட் பெட்டிக்கும் சிம்ப்யூட்டருக்கும் அறிவு குறையவில்லை, சுற்றம் குறைந்தது. ஆனால் அவற்றின் கருத்து அழியவில்லை. இன்று தமிழில் வாசித்துக் காட்டும் கைப்பேசியிலும், சாய்த்தால் திரும்பும் காரிலும் அக்கருத்து உயிரோடிருக்கிறது.

மாணவ நண்பர்களே! நாளை நீங்களும் ஒரு கருவியைச் செய்யலாம். அது ஓடுகிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். யார் வாங்குவார், யார் பழுது பார்ப்பார், அதற்கென யார் எழுதுவார் என்றும் கேளுங்கள். பழைய கருவியின் மேல் நாம் கொள்ளும் ஏக்கத்துக்கு அப்போதுதான் பயன் உண்டு.