கரிசல் நிலத்தில் மண்வீட்டுக் கடைக்கால்

மதுரைக்குத் தென்மேற்கே திருமங்கலம், தே. கல்லுப்பட்டி, பேரையூர் வட்டாரங்களில் பரவி விருதுநகர் மாவட்டத்துக்குள் நீளும் சமவெளியில் கரிசல் மிகுதி. மழையில் உப்பி, கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும் இந்த மண்ணில் கடைக்கால் போடுவது தனி வேலை.

உப்பலுக்குக் காரணம் மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கனிமம். அதன் தகடுகளுக்கிடையே நீர் புகுந்தால் மண் பருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரோரத்து மண் முதலில் ஊறும். வீட்டின் நடுவே அடிமண் காய்ந்தே கிடக்கும். ஓரம் மேலே தூக்க, சன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கீறல் ஓடும்; கதவு நிலையில் இறுகும். கனமான மாடிக் கட்டடம் இந்த உப்பலை ஓரளவு அமுக்கிவிடும். ஒற்றைத்தள மண்வீட்டுக்கு அந்த எடை இல்லை. மண்சுவர் இழுவிசையையும் தாங்காது.

மண்ணைச் சோதிக்க எளிய வழி உண்டு (ஐ.எஸ். 2720, பகுதி 40, 1977). சலித்து உலர்த்திய மண்ணில் 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குடுவைகளில் இட்டு, ஒன்றில் நீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒரு நாள் விட வேண்டும். மண்ணெண்ணெயில் களி உப்பாது. அதில் 10 மில்லிலிட்டராகவும் நீரில் 18 ஆகவும் மண் நின்றால் உப்பல் 80 சதவீதம்.

கரிசல் ஆழம் குறைந்த மனையில் சுக்கான்பாறையோ கிராவலோ தட்டுப்படும்வரை வானம் தோண்டிக் கருங்கல் கட்டினால் போதும். ஆழக் கரிசலில் ஈரம் ஏறியிறங்குவது 3.5 மீட்டர் வரைகூடப் போகும். அதற்கென ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்ததுதான் அண்டர்ரீம் பைல்: துளையின் அடிப்பகுதியைத் தண்டின் விட்டத்தைப்போல் சுமார் 2.5 மடங்கு அகலக் குடைந்து, கம்பி இறக்கிக் கான்கிரீட் நிரப்புவது. பைல் தலைகளை இணைக்கும் பீமுக்கு அடியில் மண் உப்ப இடைவெளி விட வேண்டும். மண்ணோடு ஒட்டி வார்த்தால் பைலுக்குக் கொட்டிய காசு வீண்.

கரிசலை வெட்டியெடுத்து மாற்று மண் இடுவோர் பலர் மணலையே நாடுகிறார்கள். மழைநீர் அதில் தேங்கிச் சுற்றுக் கரிசலை ஊறவைக்கும் என்பதால் இது சரியான தேர்வல்ல. பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஆர். கே. கட்டி முன்வைத்தது, உப்பாத ஒட்டுமண்ணை இறுக்கி இடும் முறை. இங்கே களிச்சேர்க்கையுள்ள சிவப்புக் கிராவல் அதற்கு உதவும். ஆரோவில்லில் சிமெண்டு கலந்து திமிசு போட்ட மண்ணே கடைக்காலாகிறது, அங்கே செம்மண். கரிசலுக்குச் சுண்ணாம்பே பொருந்தும்: அதிலுள்ள கால்சியம் களித்தகடுகளைப் பிணைத்து உப்பலைக் குறைக்கும்.

எந்த முறையானாலும் சுவரைச் சுற்றி வெளிநோக்கிச் சரிந்த தளம் வேண்டும். குளியலறைத் தண்ணீரைச் சுவரோரம் விடக் கூடாது. கோடையில் அடிமண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும் வேம்பு, முழு வளர்ச்சியில் எட்டும் உயரத்தளவாவது வீட்டைவிட்டுத் தள்ளி நிற்பது நல்லது.