சுவரில் படர்ந்த கறை

மாணவச் செல்வங்களே, வரலாறு என்றதும் மன்னரும் போர்களுமே நம் நினைவிற்கு வருவது இயல்பு. வீட்டுச் சுவரில் படரும் கறைக்கும் வரலாறு உண்டு. அதனை இன்று காண்போம்.

அக்கறை பூஞ்சணம் என்னும் உயிர். ஈரமின்றேல் அது வளராது. கூரை ஒழுகுவதாலும், சமையலிலும் மூச்சிலும் எழும் ஆவி குளிர்ந்த சுவரிற் பட்டு நீராவதாலும் வீட்டில் ஈரம் தங்குகிறது. அங்கு வளரும் பூஞ்சணம் கண்ணுக்குப் புலனாகாத நுண்வித்துகளைக் காற்றில் விடுகிறது. அக்காற்றை நாள்தோறும் உட்கொள்வோர் பலர்க்கு இருமலும் இழுப்பும் உண்டாகின்றன. இளங்குழந்தைகளும் ஆஸ்துமா உடையோரும் மிகுதியும் துன்புறுவர்.

பண்டையோர் இக்கேட்டை ஒருவாறு உணர்ந்திருந்தனர். விவிலியத்தின் லேவியராகமம், 14ஆம் அதிகாரத்தில், சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ கறை தோன்றின் ஆசாரியன் வந்து பார்த்து, வீட்டை 7 நாள் அடைத்துவைக்க வேண்டும் என்கிறது. கறை பரவியிருந்தால் அக்கற்களைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டிப் புதிதாகப் பூசவேண்டும். மீண்டும் தோன்றினால் வீட்டையே இடித்துவிட வேண்டும். கறையை மறைத்தலன்று, களைதலே அவ்விதியின் கருத்து.

அறிவியல் முறையில் இதனை ஆராய்ந்தவருள் முன்னோடி, இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகர மருத்துவர் சார்லஸ் பிளாக்லி. அவர் ஈர வைக்கோலில் பூஞ்சணத்தை வளர்த்து, அதன் நுண்வித்துகளைத் தாமே முகர்ந்தார். குரல் கம்மிற்று, பின்னர் அடியோடு அடங்கிற்று, மார்புச்சளியும் கடுமையாகப் பற்றியது. இச்சோதனையை அவர் 1873இல் நூலாக வெளியிட்டார். பின்வந்த ஆய்வுகள் பலவற்றையும் தொகுத்து, ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோர்க்குச் சுவாச நோய்கள் மிகுதி என 2009இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இனி, நெஞ்சை வருத்தும் நிகழ்ச்சி ஒன்றைக் கூறவேண்டும். பிளாக்லி வாழ்ந்த மான்செஸ்டருக்கு அண்மையிலுள்ளது ராச்டேல் நகரம். அங்கு வாடகை வீடொன்றில் ஒரு குடும்பம் குடியிருந்தது. சுவரில் பூஞ்சணம் படர்ந்துள்ளது என்று தந்தை 2017இலேயே முறையிட்டார். கறையின்மேல் வண்ணம் பூசிக்கொள்ளுமாறு விடை வந்தது. அக்குடும்பத்தின் வாழ்க்கை முறையே காரணம் என்றும் பழி சுமத்தப்பட்டது. 2020 டிசம்பரில், இரண்டு வயது நிரம்பிய சில நாட்களிலேயே அவர்தம் ஆண்குழந்தை இறந்தது. நெடுநாள் பூஞ்சணத்தோடு வாழ்ந்ததால் விளைந்த சுவாச நோயே காரணம் என 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார்.

பிளாக்லியின் நூல் வெளிவந்து அப்போது 147 ஆண்டுகள் ஆகியிருந்தன. அண்டை நகரில் அச்சேறிய அறிவு அச்சிறுவனின் அறைக்குள் நுழையவில்லை. அச்சுவரை உரியவர்கள் சீர்செய்யாமையும், குற்றத்தை வாழ்வோர்மீதே ஏற்றியமையுமே அதனைத் தடுத்தன அன்றோ?

அக்குழந்தையின் பெயரால் வழங்கும் 'அவாப் சட்டம்' 2025 அக்டோபரில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. சமூக வாடகை வீடுகளில் உயிருக்கு உடனடி இடர் விளைக்கும் குறைகளை 24 மணி நேரத்திற்குள் கவனிக்க வேண்டும். ஈரமும் பூஞ்சணமும் பெருங்கேடு விளைக்கும் நிலையில் உள்ளதாக முறையீடு வந்தால் 10 வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும் என்பன அதன் விதிகள்.

மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் பொறியாளராவீர், சிலர் மருத்துவராவீர், சிலர் அலுவலராவீர். உங்கள் மேசைமீது ஓர் ஏழையின் முறையீடு வந்தால், முதலில் எழுந்து சென்று அச்சுவரைக் கண்ணாற் காணுங்கள். விடை எழுதுவதைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம்.