பெட்டிக்குக் குரல் கொடுத்தவர்கள்

"டிரைவர் சரியில்லை, மாமா" என்றான் என் தங்கை மகன்.

திருப்பூரில் இந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு வேறு அர்த்தம்தான் முதலில் தோன்றும். பனியன் பார்சல் ஏற்றிய டெம்போ நேரத்துக்கு வராமல், ஆபீஸ் வாசலில் நாலு பேர் கூடிச் சத்தம் போடுவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். ஆகவே, "ஆளை மாற்றிவிட வேண்டியதுதானே?" என்று கேட்டு வைத்தேன். அவன் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அந்த அறையில் யாரும் இல்லை.

அது என் பால்ய சிநேகிதரின் வீடு. முப்பத்தைந்து வருஷம் பனியன் கம்பெனிகளில் கணக்கு எழுதியவர் அவர். கண்ணில் நீர் அழுத்தம் ஏறி, கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய்விட்டது. பேரேட்டில் ஒரு பைசா விட்டுப்போனால் தூங்காத மனிதர், இப்போது பத்திரிகையின் தலைப்பைக்கூடப் பிறர் வாய் மூலம் கேட்க வேண்டியிருந்தது. என் மருமகன்தான் அதற்கு ஒரு வழி செய்தான். பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸை ஏற்றி, திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் 'ஆர்கா' என்ற நிரலையும், எழுத்தைக் குரலாக்கும் 'ஈ-ஸ்பீக்' என்ற நிரலையும் அதில் சேர்த்தான். ஈ-ஸ்பீக்குக்குத் தமிழும் தெரியும். உச்சரிப்பு கொஞ்சம் தகரத்தைத் தட்டுவது போலத்தான் இருக்கும். ஆனாலும் அது வாசித்தது, இவர் கேட்டார்.

அந்தப் பெட்டி பழுதாகிப் போக, மகன் வேறொன்று வாங்கிக் கொடுத்தார். புதுப் பெட்டி வாயே திறக்கவில்லை. காதில் மாட்டும் ஹெட்போனைச் செருகினால் பேசியது; பிடுங்கினால் ஊமை.

"ஹெட்போனையே மாட்டிக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டேன்.

"கண்ணுதான் இல்லீங்க. காதையும் மூடிக்கிட்டா எனக்கு வீடே இல்லாமப் போயிடுமுங்களே" என்றார் சிநேகிதர்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்தப் பெட்டிகளுக்கு முதலில் குரல் கொடுத்தது யார் என்ற கேள்வி மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. தேடிப் பார்த்ததில் தெரிந்த சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் டிரைவர் என்பது என்ன? என் மருமகன் சொன்ன விளக்கத்தையே சொல்கிறேன். நிட்டிங் கம்பெனி முதலாளி, "இந்த நூலில் இத்தனை கிலோ துணி வேண்டும்" என்கிறார். யந்திரத்துக்கு அந்தப் பாஷை தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஊசி, காம், பெல்ட். முதலாளி சொன்னதை யந்திரத்தின் காரியமாக மாற்றுகிறவர் பிட்டர். கணிப்பொறியில் முதலாளி ஸ்தானத்தில் இருப்பது இயக்குமுறை. யந்திரம், ஒலிச் சில்லு. இரண்டுக்கும் நடுவே நிற்கும் பிட்டர்தான் டிரைவர். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை அவர் பெயரை யாரும் விசாரிப்பதில்லை.

ஐ.பி.எம். கம்பெனியின் சொந்த உபயோகக் கணிப்பொறி 1981-இல் வந்தபோது அதற்குப் 'பீப்' என்று கத்த மட்டுமே தெரிந்திருந்தது. அதே ஆண்டில், தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில், சைனாடவுனில் கணிப்பொறி பழுது பார்க்கும் ஒரு சிறு கடை தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஸிம் வோங் ஹூ என்ற இளைஞர். அவருடைய கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட 'சவுண்ட் பிளாஸ்டர்' என்ற அட்டை, உலகமெங்கும் கணிப்பொறிகளைப் பாடவும் பேசவும் வைத்தது. 2023-இல் அவர் காலமானார்.

1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸின் முதல் வடிவத்தை வெளியிட்டார். விலை கிடையாது, உள்ளே இருப்பதை யாரும் படிக்கலாம், திருத்தலாம். ஆனால் அட்டை செய்கிற கம்பெனிகள், நிறையப் பேர் உபயோகிக்கும் மைக்ரோஸாப்ட் முறைகளுக்குத்தான் டிரைவர் எழுதின. ஒரு மாணவனின் இலவச முறைக்கு யார் எழுதுவார்கள்? அடுத்த ஆண்டே, 1992-இல், அதே பின்லாந்தைச் சேர்ந்த ஹன்னு ஸவோலாய்னன் என்பவர் சவுண்ட் பிளாஸ்டருக்கு ஒரு டிரைவர் எழுதினார். லினக்ஸ் வாய் திறந்தது அப்படித்தான்.

அந்த முயற்சி வளர்ந்து 'ஓ.எஸ்.எஸ்.' என்ற பெயர் பெற்றது. பிற்பாடு அதன் மேம்பட்ட பதிப்பு விலைக்கு விற்கப்பட்டது. இலவசப் பதிப்பு பின்தங்கியது. இன்னொரு சங்கடமும் இருந்தது. பல அட்டைகளில் ஒரு சமயத்தில் ஒரு நிரல்தான் ஒலி எழுப்ப முடியும். பாட்டு ஓடினால், வாசிக்கும் நிரல் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும். பார்வை உள்ளவருக்கு அது சின்ன அசௌகரியம். என் சிநேகிதரைப் போன்றவருக்கோ, பாட்டு முடியும்வரை திரை இருட்டு.

1998 வாக்கில் செக் நாட்டைச் சேர்ந்த யாரோஸ்லாவ் கிஸெலா, தம்மிடம் இருந்த 'கிராவிஸ் அல்ட்ரா சவுண்ட்' அட்டையின் திறமை முழுவதையும் லினக்ஸில் உபயோகிக்க முடியவில்லையே என்று புதிய டிரைவர் எழுத முற்பட்டார். ஒரு அட்டைக்காகத் தொடங்கிய காரியம் 'அல்ஸா' என்ற முழு அமைப்பாக விரிந்தது. 2003 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6-இல் அதுவே பிரதான ஒலி அமைப்பாயிற்று.

இந்த வேலையில் அப்படி என்ன சிரமம் என்று நேயர்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மருமகன் என்னைப் பக்கத்துத் தெரு நிட்டிங் ஷெட்டுக்கு அழைத்துப் போனான். வட்ட யந்திரம் சுழன்றுகொண்டிருந்தது. மேலே கோனிலிருந்து இறங்கும் நூல் நேரே ஊசிக்குப் போவதில்லை. நடுவில் ஃபீடர் என்ற சிறு உருளையில் சில சுற்றுச் சுற்றிக்கொண்டு, பிறகுதான் போகிறது. கோன் பக்கம் ஒரு கணம் தடங்கினாலும் உருளையில் இருக்கும் நூல் தாங்கிக்கொள்ளும்.

"ஒலியும் இப்படித்தான், மாமா. வினாடிக்கு 48,000 துணுக்கு போகணும். நிரல் கொண்டுவந்து ஒரு வட்டத் தொட்டியில் கொட்டும். சில்லு ஒரு பக்கமா எடுத்துக்கிட்டே போகும். 1,024 துணுக்கு தீர்ந்தா, 'இன்னும் கொண்டா'ன்னு மணி அடிக்கும்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வினாடியில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்குக்கு ஒரு மணி! அந்த மணிக்குள் நூல் வராவிட்டால் 'கரகர' என்று ஓட்டை விழும். சரி, தொட்டியைப் பெரிதாக்கிவிடலாமே என்றால், விசையைத் தட்டி வெகு நேரம் கழித்துக் குரல் வரும். விரலால் தடவிப் படிக்கிறவருக்கு அந்தத் தாமதம் பொறுக்காது. ஓட்டையும் கூடாது, தாமதமும் கூடாது. டிரைவர் எழுதுகிறவர் இந்த இரண்டுக்கும் நடுவே நடக்க வேண்டும்.

2004-இல் இன்டெல் நிறுவனம் 'ஹை டெபனிஷன் ஆடியோ' என்ற பொது விதியை வகுத்தது. இனி எல்லாச் சில்லுக்கும் ஒரே மாதிரி டிரைவர் போதும் என்று உலகம் நம்பியது. நடந்தது வேறு. விதி ஒன்றானாலும், சில்லின் எந்தக் காலை எதில் இணைப்பது என்பது ஒவ்வொரு கம்பெனியின் இஷ்டம். "இந்தக் காலில் ஸ்பீக்கர், இந்தக் காலில் மைக்" என்று பெட்டிக்குள் குறித்து வைக்க வேண்டிய குறிப்பையும் சிலர் தப்பும் தவறுமாக எழுதினார்கள். ஆகவே லினக்ஸ் டிரைவரில் விதிவிலக்குகளின் பட்டியல் ஒன்று சேரத் தொடங்கியது: இன்ன எண்ணுள்ள பெட்டியானால், இன்னபடி செய். இந்தப் பகுதியை நெடுங்காலமாகப் பராமரித்து வருபவர் தகாஷி இவாய். பட்டியலின் வரிகளில் பலவும் அந்தந்தப் பெட்டியை வாங்கிவிட்டுச் சத்தம் வராமல் தவித்த யாரோ ஒருவருக்காக எழுதப்பட்டவை.

சிநேகிதரின் பெட்டி அந்தப் பட்டியலில் இல்லை.

என் மருமகன் கம்பெனி எதிலும் கணிப்பொறி நிபுணன் அல்ல. பகலில் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் பில் போடுகிறவன். 2011-இல் தொடங்கிய அரசாங்கத் திட்டத்தில் அவனுக்குப் பள்ளியில் மடிக்கணினி கிடைத்தது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் அதில் இருந்தது. பழக்கம் அங்கே ஆரம்பித்தது. மூன்று இரவு அவன் அந்த வீட்டிலேயே உட்கார்ந்தான். சில்லின் கால்களை எல்லாம் வரிசையாக அச்செடுத்துப் பென்சிலால் குறித்தான். ஸ்பீக்கருக்கு ஒலி போகிறது. அதைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிபயருக்கு மட்டும் மின்சாரம் திறக்கப்படவில்லை என்று மூன்றாம் இரவு கண்டுபிடித்தான். அதைத் திறக்கும் கட்டளையை அனுப்பியதும் பெட்டி பேசிற்று!

மறுநாள் காலை மூடித் திறந்தால் மறுபடி ஊமை. பெட்டி தூங்கி எழும்போது ஆம்ப்ளிபயர் பழையபடி அணைந்துவிடுகிறது. ஆகையால் வெளியிலிருந்து கட்டளை அனுப்பினால் போதாது. டிரைவரிலேயே எழுதியாக வேண்டும். அதையும் எழுதினான். எழுதியது நாலே வரி. பெட்டி தூங்கியது, எழுந்தது, பேசியது.

"முடிஞ்சுதுங்க" என்று அவன் எழுந்தபோது சிநேகிதர் கேட்டார்: "இதே பெட்டியை வேற யாராச்சும் வாங்கியிருந்தா?"

"அவங்களுக்கும் சத்தம் வராதுங்க."

"அப்ப அதை அந்தப் பட்டியல்ல சேர்க்கச் சொல்லு, சாமி. பேரேட்டுல ஏறாத வரவு வரவே இல்லை."

அவன் தயங்கினான். தன் இங்கிலீஷைப் பார்த்து வெளிநாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள் என்று பயம். சிநேகிதர் பக்கத்தில் இருந்து வாக்கியம் வாக்கியமாகச் சொல்ல, அவன் எழுதினான்; ஏற்றுமதிக் கடிதம் எழுதி எழுதிப் பழகிய இங்கிலீஷ் அவருடையது. இரண்டு திருத்தம் கேட்டுப் பதில் வந்தது. திருத்தி அனுப்பினான். சில வாரம் கழித்து அந்த நாலு வரியும் பட்டியலில் ஏறின.

அந்தப் பெட்டியை வைத்திருக்கும் இன்னொருவர் எந்த ஊரில் இருக்கிறாரோ, எனக்குத் தெரியாது. அவர் விசையைத் தட்டுவார், சத்தம் வரும். ஏன் வந்தது என்று யோசிக்கக்கூட மாட்டார்.

போன வாரம் சிநேகிதரைப் பார்க்கப் போனேன். ஜன்னல் திறந்திருந்தது. தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். மேஜை மேல் பெட்டி, தகரக் குரலில் அன்றைய நூல் விலையை வாசித்துக்கொண்டிருந்தது. சிநேகிதர் இரண்டையும் ஒரே சமயத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க, உட்காருங்க" என்றார், நான் ஒரு வார்த்தையும் பேசுவதற்கு முன்பே. என் செருப்புச் சத்தம் அவருக்குக் கேட்டிருந்தது.