ஊர்ப் புகைப்படக்காரர் வரலாறு

நமது சங்கக் கட்டிடத்தின் உட்கூடத்திலே, கறையான் அரித்த சட்டத்தினுள், ஒரு பழம்படம் தொங்குதலை நீவிர் யாவரும் கண்டிருப்பீர்கள். தலைப்பாகையும் அங்கவஸ்திரமும் தரித்த பெரியோர் 21 பேரும், தரையில் அமர்ந்த சிறுவர் இருவரும் அதில் உளர். சென்ற ஆடித் திங்களில் அப்படத்தைச் செப்பனிட்டுக் கீழே பெயர்களை எழுதிவைக்குமாறு நிருவாகிகள் என்னைப் பணித்தனர். எளிய வேலையென்று எண்ணி ஏற்றேன். ஆண்டில் மூத்தோர் பலரையும் அவரவர் இல்லஞ்சென்று வினவினேன். அறிந்த பெயர்கள் நான்கே. ஏனைய 19 பேர் யாவர் என்று சொல்ல இன்று ஒருவருமில்லை. நம் முன்னோரின் முகங்கள் நம்மை நோக்கிக்கொண்டிருக்கின்றன, பெயர்களோ போய்விட்டன. இக்குறை எவ்வாறு நேர்ந்ததென்று ஆராயப்புகுந்த யான், ஊர்ப் புகைப்படக்காரர் என்னும் ஒரு தொழிலாளரின் வரலாற்றையே ஆராய வேண்டியவனாயினேன்.

'புகைப்படம்' என்னும் சொல்லைக் கண்டு புலவர் சிலர் முகஞ்சுளிப்பர். இக்கலைக்கும் புகைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பது மெய்யே. எனினும் மக்கள் வழக்கு நம் இலக்கணத்திற்குக் காத்து நிற்பதன்று. ஆதலின் யானும் அச்சொல்லையே கொள்கிறேன்.

பிரெஞ்சு தேசத்து டாகேர் என்பவர் கண்டுபிடித்த முறை 1839ஆம் ஆண்டிலே உலகிற்கு வெளியிடப்பட்டது. சென்னை இராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக 1856ஆம் ஆண்டில் நியமனம் பெற்றவர் லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர். அவர் மதுரை, தஞ்சை, சீரங்கம், புதுக்கோட்டை முதலிய இடங்களில் எடுத்த படங்கள் 1858ஆம் ஆண்டில் தொகுதி தொகுதியாக வெளிவந்தன. அவற்றுள் ஒன்று இராயக்கோட்டையையும் சேலம் ஜில்லாவின் பிற இடங்களையும் பற்றியது. இராயக்கோட்டை இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், அந்நாளில் நம் ஜில்லாவிலேயே இருந்தது. ஆகவே, புகைப்படக் கலை நம் பக்கத்திற்கு வந்து 160 ஆண்டுகளுக்கு மேலாயிற்று என்க.

தமிழாசிரியனாகிய என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது டிரைப் செய்த பிறிதொரு செயலாகும். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுக்களை அவர் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். மெழுகூட்டிய காகிதத்தில் எதிர்ப்படம் எடுத்த காலம் அது. ஹுல்ட்ஷ் என்பார் அச்சாசனங்களைப் பதிப்பிக்கத் தொடங்கியதோ அதற்கு முப்பதாண்டுகளுக்கும் மேற்பட்ட பின்னரே. ஆயினும் 1859இல் கவர்னராக வந்த டிரெவெலியன், இப்பணி அரசாங்கத்தின் அன்றைய நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரமென்று கருதி நிறுத்திவிட்டார். சிக்கனம் பேசுவோர் முதலில் கைவைப்பது இத்தகைய பணிகளின்மேல்தான் போலும்!

நிற்க. கோயிலையும் கோட்டையையும் எடுத்த துரைமக்கள் பின்னர் மனிதரையும் எடுக்கத் தலைப்பட்டனர். சென்னைக் காட்சிசாலையின் தலைவராயிருந்த தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளை நம்மில் சிலர் அறிவர். அவற்றிற் படங்கள் பல உள. ஆனால் படத்தின் கீழே காணப்படுவது பெரும்பாலும் சாதிப்பெயரே. இன்ன ஊர் இன்னார் மகன் என்னும் குறிப்பு இல்லை. மண்டையின் நீள அகலங்களை அளந்த அவர், அம்மண்டைக்குரியவனின் பெயரை ஒரு பொருளாக மதித்திலர். நம் சங்கத்தார் அந்நூலை மேற்கோளாகக் காட்டும்பொழுது இதனையும் நினைவிற் கொள்ளல் நலம்.

ஊர்ப் புகைப்படக்காரர் இதற்கு நேர்மாறானவர். அவரிடம் செல்பவன் தானே விரும்பிச் செல்கிறான். தான் எவ்வாறு காணப்பட வேண்டுமோ அவ்வாறு உடுத்து அமர்கிறான். பழைய ஈரத்தகடு முறையில் கண்ணாடித் தகட்டிற்கு மருந்து பூசி, அது உலருமுன்னரே படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். 1871இல் மாடக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் உலர்தகட்டிற்கு வழிகாட்டினார். சில ஆண்டுகளில் அத்தகடுகள் பெட்டி பெட்டியாக விற்பனைக்கு வந்தன. 1860ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே சேலத்திற்கு இரயில் வந்துவிட்டது. ஆகவே பட்டணத்துச் சரக்கு இங்கு வந்திறங்குதல் எளிதாயிற்று. சிற்றூர்களிலும் இத்தொழில் நடக்க இடமேற்பட்டது.

அக்காலத்து ஸ்டூடியோவைச் சிறிது கூறுவேன். மின்விளக்கு வருமுன் வடபுறத்தே கண்ணாடிக் கூரை வைத்து வெயிலின் வெளிச்சத்தை வாங்குவர். பின்னே தூணும் படிக்கட்டும் பூந்தோட்டமும் தீட்டிய திரை. வேட்டி கட்டிய குடியானவருக்கு அணிவிக்கக் கோட்டும் கைக்கடிகாரமும் அங்கேயே உண்டு. தலை அசையாதிருக்கப் பிடரியின் பின்னே ஓர் இரும்புக்கவை. படக்காரர் கறுப்புத்துணிக்குள் தலையை விட்டு, தலைகீழாய்த் தெரியும் உருவத்தைப் பார்த்து நிறுத்துவார். பின்னர் இருட்டறையில் சிவப்பு விளக்கொளியில் தகட்டைக் கழுவி, ஹைப்போவில் இட்டு உலர்த்தி, முகத்தின் அம்மைத்தழும்புகளைக் கூரிய பென்சிலால் மறைப்பார்.

படமெடுத்தால் ஆயுள் குறையும் என்றஞ்சிய கிழவிகள் பலர். ஆதலின் வாழ்நாளெல்லாம் படமெடாதிருந்தவர்க்கு இறந்த பின்னரே முதற்படம் எடுப்பதும் உண்டு. சடலத்தை நாற்காலியில் சாய்த்து, மாலையிட்டு, மக்கள் சூழ நிற்க, படக்காரர் எடுப்பார். மூடிய கண்களைத் திறந்தவை போலப் பின்னர்த் தீட்டித் தருவாரும் இருந்தனர். கல்யாணத்திற்கு அழைக்கப்படுபவரும் அவரே, எழவிற்கு அழைக்கப்படுபவரும் அவரே. ஊரில் வேறு யாருக்கு இவ்வுரிமை, நாவிதரையும் மேளக்காரரையும் தவிர?

நம் அஸ்தம்பட்டியினின்று ஏற்காடு செல்லும் சாலையில் டி. ஆர். சுந்தரம் 1930ஆம் ஆண்டுகளில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸின் பெருமையை அறியாதார் இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட திரைப்படங்கள் அங்கே உருவாயின. ஆனால் அதே சாலையை ஒட்டி, யான் சிறுவனாயிருந்தபோது நடந்துவந்த சிறிய ஸ்டூடியோ ஒன்றை நினைப்பார் அரியர். அதன் முதலாளி ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் ஊசியால் ஓர் எண்ணைக் கீறுவார். அதே எண்ணைப் பேரேட்டில் எழுதி, எதிரே பெயர், ஊர், படத்தின் அளவு, முன்பணம் ஆகியவற்றைக் குறிப்பார். தர்ஸ்டன் செய்யாத காரியத்தை அவர் எட்டணாக் கணக்கிற்காகச் செய்தார்.

1993இல் வாக்காளர் அடையாள அட்டைத் திட்டம் தொடங்கியது. பின்னர் எண்மக் காமிராவும் கைப்பேசியும் வந்து, சுருளும் இருட்டறையும் வழக்கொழிந்தன. அந்த ஸ்டூடியோவும் மூடப்பட்டது. தகடுகளைச் சுடுநீரிற் கழுவிச் சாமிபடங்களுக்குக் கண்ணாடியாக விற்றனர். பேரேடுகள் நிறைக்குப் போயின. என் தாய்ப்பாட்டியாரின் ஒரே படம் அங்கு எடுத்ததே. மறுபடி கேட்கச் சென்றபொழுது வெறும் அலமாரியையே கண்டேன். யாரைக் குறைகூறுவது? அவர்கள் காத்துவைத்திருந்த நாளிலே நாம் கேட்கச் சென்றிலோம்.

புதுவைப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களிலும் இல்லங்களிலும் உள்ள பழம்படங்களைத் தேடிப் பிரதியெடுத்துள்ளனர். அயலார் செய்யும் அவ்வேலையிற் சிறுபங்கை நம் தெருவில் நாமே செய்யலாகாதா?

சங்கப் படத்தைச் சட்டத்தினின்று கழற்றியபொழுது அதன் பின்புறத்தில் 1147 என்னும் எண் மங்கிய மையால் எழுதப்பட்டிருக்கக் கண்டேன். எண் இருக்கிறது, பேரேடு இல்லை. ஆகவே அடுத்த மாதக் கூட்டத்திற்கு வரும் அன்பர்கள் தத்தம் இல்லத்துப் பழம்படங்களைக் கொணர்க. வருமுன்னர், தெரிந்த பெயர்களைப் பின்புறத்தில் பென்சிலால் மெல்ல எழுதுக. பேனா மை ஊறி முகத்தில் இறங்கிவிடும். இரண்டாம் வரிசையில் இடப்புறத்து மூன்றாமவர் தம் பாட்டனார் என்று அன்பர் ஒருவர் முந்தாநாள் வந்து சொல்லிச் சென்றார். இன்னும் தெரியவேண்டியவர் 18 பேர்.